ஒரே பேரில் நாலு

அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கிட்டு உட்காரச் சொல்லிட்டாங்க. கண் பாப்பா விரியணும், முக்கால் மணி நேரம் ஆகும்னாங்க. சென்னையில ஒரு கண் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். அம்மா காதுல ஹெட்செட் மாட்டி யூடியூபில் பிரவசனம் கேட்க ஆரம்பிச்சாச்சு. நான் ரிச்சி தெருவில் ரவுட்டர் விக்கிறவன். சும்மா உட்கார்ந்தா கை தானா வைஃபை ஆப்பைத் திறக்கும்.

பக்கத்துல இருக்கிற வைஃபை பேர் பதினேழு வந்துது. 'டைரக்ட்'னு ஆரம்பிக்கிறது பெரும்பாலும் பிரிண்டர். ரெட்மி, கேலக்ஸின்னா பக்கத்து சீட்டு போன். மிச்சத்துல ஆஸ்பத்திரி பேரிலேயே நாலு. அது தப்பில்லை, மாடிக்கு ஒரு வைஃபை பெட்டி மாட்டியிருப்பாங்க. போன் செட்டிங்ஸ்ல நாலும் ஒண்ணாத்தான் தெரியும், அனலைசர் ஆப்பில்தான் பிரிச்சுக் காட்டும்.

பேரை வெச்சு நான் எதையும் நம்புறதில்லை. 32 பைட்டுக்குள்ள யாரும் எதையும் எழுதிக்கலாம். (தமிழ்ல வைக்கிறதுதான் கஷ்டம். மெஸ் நடத்துற ஒருத்தர் 'திருவல்லிக்கேணி'ன்னு வைக்கச் சொன்னார். எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு; ஒவ்வொண்ணுக்கும் 3 பைட் வீதம் அந்த ஊர் பேரே 45 பைட். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்.)

நான் பார்க்கிறது மேக் அட்ரஸ், ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் இருக்கிற அடையாள நம்பர். 0-9, A-F கலந்த 12 இலக்கத்துல முதல் 6 தயாரிச்ச கம்பெனியோடது. மூணு பெட்டிக்கு அந்த ஆறும் ஒண்ணு. நாலாவதுக்கு வேற, அதுவும் ரெண்டாவது இலக்கம் 'E'. அந்த இடத்துல 2, 6, A, E வந்தா கம்பெனி கொடுத்த நம்பர் இல்லை, கருவி தானா போட்டுக்கிட்டது. போன் ஹாட்ஸ்பாட்டில் அடிக்கடி பார்ப்பேன். ரவுட்டர்ல வர்றவங்களுக்குத் தனியா விடுற கெஸ்ட் லைனும் இப்படி வரும்ங்கிறதால உடனே திருட்டு வைஃபைன்னு சொல்லிடவும் முடியாது.

எழுந்து நடந்தேன். அந்த நாலாவதோட சிக்னல் சீட்டுல மைனஸ் 63; மைனஸுக்கு அப்புறம் வர்ற எண் குறையக் குறைய சிக்னல் பலம். லிஃப்ட் பக்கம் 77. திரும்பி மருந்து கவுண்டர் வந்தா 50, மேடையில சாய்ஞ்சா 36. மாத்திரை டப்பா மேல சார்ஜர் சொருகின ஒரு போன்.

"இது உங்க ஹாட்ஸ்பாட்டாம்மா?"

"ஆமாண்ணா. கீழ இருந்த பெட்டி போயிடுச்சு. பில் மெஷின் பழைய பேரைத்தான் தேடுது. சர்வீஸ் தம்பி என் போனுக்கே அந்தப் பேரையும் பாஸ்வேர்டையும் போட்டுட்டுப் போயிட்டாரு."

சாமர்த்தியம்தான், எங்க கடைப் பசங்களும் செய்வாங்க. ஆனா ரிசப்ஷனில் அந்தப் பாஸ்வேர்டை வாங்கி வெச்ச போன் ஒவ்வொண்ணும் தானா இதுல ஒட்டிக்குமே. சொன்னேன்.

"அதான் மத்தியானத்துக்குள்ள டேட்டா காலியாகுதா!"

திறந்து காட்டுச்சு அந்தப் பொண்ணு. ஹாட்ஸ்பாட்டில் ஒட்டியிருந்தது ஆறு கருவி. மூணாவது, நானே பேர் வெச்சுக் கொடுத்த அம்மாவோட போன்.