காற்று பிடுங்கும் கால்: நீலாங்கரை மணலில் ஒரு டவர் அடித்தளம்

பதினோரு ஆண்டுகளாக வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் கிடங்குகளுக்கும் அடித்தளம் வரைந்து வந்தவள் நான். அந்த வேலைகளில் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: மேலிருந்து இறங்கும் பாரத்தை மண் தாங்குமா? சென்ற ஆண்டு நீலாங்கரைப் பக்கம், கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, 40 மீட்டர் உயரத் தகவல் தொடர்பு டவர் ஒன்றுக்கு அடித்தளம் வடிவமைக்கும் வேலை வந்தது. டவரின் எடை 10 டன்தான். ஒரு மாடி வீடுகூட அதைவிடப் பல மடங்கு கனக்கும். இரண்டு நாள் வேலை என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் ஆயிற்று.

கோபுரம் போல் நான்கு கால்களில் நிற்கும் டவர் அது. கால்களுக்கு இடையே 5 மீட்டர். காற்று ஒரு பக்கத்திலிருந்து தள்ளும்போது எதிர்ப்பக்கக் கால்கள் மண்ணில் அழுந்துகின்றன. காற்று வரும் பக்கத்துக் கால்கள் பிடுங்கப்படுகின்றன. காற்று மூலைவாட்டில் அடித்தால் பிடுங்கும் விசை முழுவதும் ஒரே காலில் வந்து சேரும். பயிரைப் பிடுங்கும்போது வேரோடு மண்ணும் வருகிறதே, அந்த மண்ணின் எடையைத்தான் இங்கே நாம் நம்பியிருக்கிறோம். கான்கிரீட்டின் எடையும் அதன் மேல் கிடக்கும் மண்ணின் எடையும் சேர்ந்து அந்தக் காலைக் கீழே பிடித்து வைக்க வேண்டும்.

முதலில் மண் பரிசோதனை. ஜூன் மாதம் 10 மீட்டர் ஆழத்துக்கு இரண்டு துளைகள் போட்டோம். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். 2 மீட்டர் ஆழத்தில் 14, 6 மீட்டரில் 28. மேலிருந்து கீழ்வரை மணல்தான். அழுத்தத்தைத் தாங்க இது தாராளம். பள்ளிக்கரணைப் பக்கத்துச் சேற்றுக் களிமண்ணாக இருந்தால் பைல் எனும் ஆழத் தூண்களை இறக்கியிருக்க வேண்டும்; பரங்கிமலைப் பக்கமாக இருந்தால் சார்னகைட் பாறையில் துளையிட்டு நங்கூரக் கம்பியைப் பதித்திருக்கலாம். ஒரே நகரத்தில் பத்து பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் மண் இப்படி மாறுகிறது. எனக்குக் கிடைத்தது மணல்.

நிலத்தடி நீர் 1.4 மீட்டரில் இருப்பதாக அறிக்கை சொன்னது. அது ஜூன் மாத நீர்மட்டம். பக்கத்து வீட்டில் உறைகிணறு ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பாட்டியிடம் மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கேட்டேன். “கார்த்திகையில் கயிறு வேண்டாம் அம்மா, குனிந்து சொம்பால் மொண்டுகொள்ளலாம்” என்றார். கிணற்றின் உட்சுவரில், தரைமட்டத்துக்கு ஒரு சாண் கீழே, பாசிக்கோடு பச்சையாக ஓடியிருந்தது. கணக்கில் நீர்மட்டத்தைத் தரையிலேயே வைத்தேன்.

அந்தப் பாசிக்கோட்டின் விலை என்ன என்று பாருங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.5 டன், தண்ணீரில் மூழ்கினால் 1.5 டன். மணல் 1.8 டன், மூழ்கினால் கிட்டத்தட்ட பாதி. காலுக்கு ஒன்றாகத் தனித்தனி ஃபூட்டிங், அதாவது அடிப்பீடம், போட்டால் மழைக்காலத்தில் பிடிமானம் போதாது என்பது முதல் கணக்கிலேயே தெரிந்தது. அதனால் நான்கு கால்களையும் ஒரே ராஃப்டில், அதாவது ஒரே அகன்ற கான்கிரீட் பலகையில், கட்டத் தீர்மானித்தேன். 7 மீட்டர் சதுரம், 70 சென்டிமீட்டர் கனம், மேலே 1.1 மீட்டர் மண். மண் உலர்ந்திருந்தால், கவிழ்க்கப் பார்க்கும் காற்றின் திருப்பத்தைவிட, அதை எதிர்த்துத் தாங்கும் எடையின் திருப்பம் 3 மடங்கு. தண்ணீரில் மூழ்கினால் 1.7 மடங்கு. குறைந்தது 1.5 வேண்டும் என்று வைத்திருந்தேன். திருப்தியோடு படங்களைச் சரிபார்ப்புக்கு அனுப்பினேன்.

சரிபார்த்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். பத்து நாள் கழித்துக் கணக்குத் தாள்கள் திரும்பி வந்தன. நாற்பது பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில், மூன்றாம் பக்க ஓரத்தில், பென்சிலால் எழுதியிருந்தார்: “கே4 எங்கே?”

காற்றழுத்தக் கணக்குக்கு நாம் பின்பற்றுவது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதை மூன்று காரணிகளால் பெருக்குவது பழைய வழக்கம். 2015 திருத்தத்தில் நான்காவதாகக் கே4 என்ற ஒன்றைச் சேர்த்தார்கள்: கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் கட்டுமானங்களுக்கான புயல் காரணி. சாதாரணக் கட்டடத்துக்கு 1.0, தொழிற்சாலைக்கு 1.15. புயலுக்குப் பிறகும் நின்று உதவ வேண்டியவற்றுக்கு, அதாவது புயல் பாதுகாப்பு மையம், மருத்துவமனை, பள்ளி, தகவல் தொடர்பு டவர் போன்றவற்றுக்கு, 1.30. நான் பயன்படுத்திய கணக்குத் தாள் 1987 பதிப்பை வைத்து யாரோ எப்போதோ தயாரித்தது. வீடுகளுக்கு அந்தக் காரணி 1.0 என்பதால் இத்தனை ஆண்டுகளில் அது இல்லாத குறை வெளியே தெரியவே இல்லை. விதியைப் புதிதாகத் திறந்து படிக்காதது என் தவறு.

வேகம் 1.3 மடங்கு என்றால் அழுத்தம் 1.69 மடங்கு. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆனால் காலைப் பிடுங்கும் விசை அதையும் தாண்டி ஏறியது: 26 டன்னிலிருந்து 45 டன்னுக்கு. காற்று தூக்கும் விசையிலிருந்து டவரின் சொந்த எடையில் கால் பங்கைக் கழிக்கிறோம் அல்லவா? காற்று கூடுகிறது, கழிக்கும் எடை அப்படியே இருக்கிறது. மிஞ்சுவது 1.75 மடங்கு. என் 7 மீட்டர் ராஃப்டின் பாதுகாப்பு 1.7 மடங்கிலிருந்து 1.02-க்கு இறங்கிவிட்டது. அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது உள்ளங்கை வியர்த்தது. 1.02 என்றால் கணக்கின்படி டவர் விளிம்பில் நிற்கிறது என்று பொருள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நான் திருவான்மியூரில் இருந்தேன். மரங்கள் விழுந்ததைவிட, அதன் பிறகு கைப்பேசி செத்துக் கிடந்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. அம்பத்தூரில் தனியாக இருந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள, அறுந்து கிடந்த மின்கம்பிகளையும் சாய்ந்து கிடந்த மரங்களையும் சுற்றிக்கொண்டு மறுநாள் நேரில்தான் போக வேண்டியிருந்தது. அந்த 1.30 எதற்காக எழுதப்பட்டது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ராஃப்டை 9 மீட்டர் சதுரமாக்கினேன். கான்கிரீட் 34 கன மீட்டரிலிருந்து 57 ஆனது. நிலத்தின் உரிமையாளர் தரப்பில் செலவைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. பேராசிரியரின் பென்சில் குறிப்பையும் 1.02 என்ற எண்ணையும் மேசையில் வைத்தேன், ஒப்புக்கொண்டார்கள். புதிய பாதுகாப்பு, முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய நிலையில், 2.1 மடங்கு.

அடுத்து, டவர் காலையும் கான்கிரீட்டையும் பிணைக்கும் ஆங்கர் போல்ட். காலுக்கு நான்கு. முதலில் 30 மில்லிமீட்டர் போட்டிருந்தேன், இப்போது 36 ஆக்கினேன். 8.8 தர உயர்வலிமை போல்ட் போட்டால் மெல்லியதே போதும் என்று டவர் செய்பவர்கள் சொன்னார்கள். நான் 4.6 தரத்து மென்னிரும்பிலேயே நின்றேன். எல்லை மீறிய காற்று வந்தால் முதலில் இரும்பு நீள வேண்டும். அது எச்சரிக்கை கொடுக்கும். கான்கிரீட் கூம்பு வடிவில் பிய்ந்துகொண்டு வருவது முன்னறிவிப்பே இல்லாமல் நடக்கும்.

இந்தக் கூம்பைப் பற்றித்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். போல்ட்டை இழுத்தால் அதன் அடித்தகட்டிலிருந்து சுமார் 35 பாகைச் சாய்வில் கான்கிரீட் விரிந்து பிய்ய முயலும். அகலமான கான்கிரீட்டில் அந்தக் கூம்பே பெரிய பலம். ஆனால் என் போல்ட்கள் நிற்பது 70 சென்டிமீட்டர் சதுரப் பெடஸ்டலில், அதாவது ராஃப்டிலிருந்து எழும் குட்டைத் தூணில். கூம்பு விரிய இடமே இல்லை, பக்கவாட்டில் முட்டிவிடும். ஆகவே கான்கிரீட்டின் இழுவிசை பலத்தை அறவே நம்பாமல், போல்ட்டின் இழுப்பைப் பக்கத்தில் நிற்கும் முறுக்குக் கம்பிகளுக்குக் கைமாற்ற வேண்டும். அதற்குக் கம்பியும் போல்ட்டும் போதிய நீளத்துக்கு அருகருகே ஓட வேண்டும். 20 மில்லிமீட்டர் கம்பிக்கு எம்35 தரக் கான்கிரீட்டில் 80 சென்டிமீட்டர் பிடிப்பு நீளம் வேண்டும். போல்ட்டை 1.1 மீட்டர் ஆழம் இறக்கினேன். கூம்பின் சாய்வுக்கும், கம்பி நுனியை மூடும் மேல் கான்கிரீட்டுக்கும் கழித்தது போக 97 சென்டிமீட்டர் கிடைத்தது. காற்று, டவர் கால், போல்ட், கம்பி, ராஃப்ட், மண் என்று விசை போகும் வழியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றவை எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை.

அனுமதிக் கடிதங்களுக்கு மூன்று வாரம். செப்டம்பரில் பள்ளம் தோண்டினோம். 1.8 மீட்டர்தான், ஆனால் ஈர மணல் நிற்காது. தண்ணீரைப் பள்ளத்துக்குள்ளிருந்து இறைத்தால் அடிமணல் கொதிப்பது போல் மேலே எழும்பித் தளர்ந்துவிடும். சுற்றிலும் வெல்பாயின்ட் எனும் நீர் உறிஞ்சும் குழாய்களை இறக்கி வெளியிலிருந்தே நீர்மட்டத்தைத் தாழ்த்தினோம். பள்ளம் உலர்ந்தது.

கம்பி கட்டும்போது மேஸ்திரி என்னிடம் வந்தார். “அம்மா, ஃபூட்டிங்குக்கு அடிக்கம்பி சரி. மேல்கம்பி இவ்வளவு நெருக்கமாக எதற்கு? படத்தில் தவறா?” நியாயமான கேள்வி. வீட்டு ஃபூட்டிங்கில் மண் கீழிருந்து மேலே தள்ளும். இழுவிசை அடியில் வரும். இங்கே புயலின்போது காற்று வரும் பக்கத்தில் ராஃப்டின் அடி 2 மீட்டர் அகலத்துக்கு மண்ணை விட்டு விலகப் பார்க்கும். அப்போது மேலே கிடக்கும் மண் அந்த விளிம்பைக் கீழே அழுத்தும். இரண்டு செங்கல் மேல் ஒரு சென்டரிங் பலகையை வைத்து, வெளியே நீண்ட நுனியில் ஈர மணல் நிரம்பிய சட்டியை வைத்துக் காட்டினேன். பலகை வளைந்தது. மேல்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். “புரிந்தது அம்மா. மேல் பக்கம்தான் கிழியும்.” அன்று மாலை மேல்வலையின் ஒவ்வொரு கட்டையும் அவரே தட்டிப் பார்த்ததைக் கண்டேன்.

ராஃப்டை ஓர் இரவில் பத்து ரெடிமிக்ஸ் லாரிகளில் ஊற்றி முடித்தோம். கடற்காற்றில் உப்பு இருப்பதால் எம்35, நீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது. கலவை இறங்கச் சிரமப்படுகிறது, கொஞ்சம் தண்ணீர் விடலாம் என்று லாரி ஓட்டுநர் இரண்டு முறை குழாயை எடுத்தார். இரண்டு முறையும் தடுத்தோம்.

57 கன மீட்டரை ஊற்றிய இரவில் எனக்குப் பதற்றம் இல்லை. ஒரு வாரம் கழித்து நான்கு பெடஸ்டல்களுக்கு 3 கன மீட்டர் ஊற்றிய காலையில்தான் கை நடுங்கியது. பதினாறு போல்ட்களும் அன்றுதான் இடம் பிடிக்கின்றன. போல்ட்களை இடம் மாறாமல் பிடித்துவைக்கும் எஃகுத் தகட்டு டெம்ப்ளேட்டில் அவற்றைக் கோத்து, மரைகளில் கிரீஸ் தடவிச் சாக்குத் துண்டு சுற்றியிருந்தோம். காலுக்குக் கால் 5 மீட்டர், மூலைவிட்டம் 7.071 மீட்டர். ஊற்றுவதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களும் சரியாக இருந்தன. ஊற்றி முடித்த கையோடு மீண்டும் அளந்தோம். ஒன்று சரி. மற்றொன்று 7.080. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் டெம்ப்ளேட்டில் உரசியிருக்கிறது. 9 மில்லிமீட்டர்.

டவரின் அடித்தகட்டுத் துளை 42 மில்லிமீட்டர். 36 போல்ட்டுக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர்தான் இடைவெளி. “இறுகட்டும், பிறகு துளையைக் காஸ் கட்டரால் பெரிதாக்கிக்கொள்ளலாம்” என்றார் டவர் நிறுத்த வந்தவர்களில் ஒருவர். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். கான்கிரீட்டில் கட்டைவிரலை அழுத்தினேன். எளிதாக உள்ளே போயிற்று. டெம்ப்ளேட்டின் முட்டுகளைத் தளர்த்தி, கடப்பாரையால் மெல்ல நெம்பி, நான்கு போல்ட்களையும் ஒன்றாகவே நகர்த்தி, மறுபடி வைப்ரேட்டர் விட்டு, முட்டை இறுக்கினோம். 7.072. இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் கை வைத்திருக்க முடியாது.

28 நாள் முடிந்து, கனசதுரச் சோதனையில் தேறிய பிறகு டவர் ஏறியது. அடித்தகட்டின் கீழே நட்டுகளால் மட்டம் பிடித்து, 40 மில்லிமீட்டர் இடைவெளியைச் சுருங்காத கிரவுட் எனும் சிமென்ட் குழம்பால் நிரப்பினோம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஊற்றி, மறுபக்கத்தில் குமிழி இல்லாமல் வெளிவரும்வரை நிறுத்தவில்லை. மேலே இரட்டை நட்டு.

கார்த்திகையில், நான்கு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு போனேன். நான்கு பெடஸ்டல்களின் மட்டத்தையும் எடுத்தோம். டவர் ஏறிய அன்று குறித்ததிலிருந்து மாறவில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றில் பாசிக்கோடு தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. பாட்டி குனிந்து ஒரு சொம்பு மொண்டு, சேறான என் கால்களில் ஊற்றினார்.