ஆறு கேபிள்

ஜூன் 9, திங்கள்

புது மேலாளர் வந்து ஏழாவது வாரம். கிடங்கின் இருப்புக் கணக்கு மொத்தத்தையும் பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு வெள்ளிக்கிழமை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட வேண்டும் என்றார். "ஒரு பத்து நாள் ரெண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்துட்டு மாத்தலாமே சார்" என்றேன். "உங்களுக்கெல்லாம் மாற்றம்னாலே வயித்தைக் கலக்குது" என்று சிரித்தார். மீட்டிங்கில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

ஜூன் 11, புதன்

வாசலில் காவலுக்கு இருக்கும் அண்ணன் பட்டாளத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ராத்திரி கிளம்பும்போது அவரிடம் புலம்பினேன். பதிலுக்கு ஒரு கதை சொன்னார்.

பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று அவர்கள் முகாமில் மூன்று நாள் ஒரே பெயின்ட் அடிப்பு. கியர்பாக்ஸ் கழற்றிப் போட்டிருந்த ஒரு லாரிக்கும் டயரில் கறுப்பு பூசி, பானட்டைப் பளபளவென்று துடைத்து, வரிசையில் முதலாவதாக நிறுத்திவிட்டார்கள். மற்றதெல்லாம் அழுக்கு வண்டி, இது ஒன்றுதான் பார்க்க லட்சணம். அதிகாரி வந்தார், லாரியைத் தட்டிக் கொடுத்தார், போய்விட்டார். மறுநாள் விடியற்காலை பயிற்சிக்குக் கிளம்பச் சொன்னால், முதல் வண்டி நகரவில்லை. வாசல் ஒடுக்கம். பின்னால் பதினோரு வண்டியும் நின்றன.

"ஓடாதுன்னு யாருக்கும் தெரியாதாண்ணே?"

"எல்லாருக்கும் தெரியும் தம்பி. பெயின்ட் அடிச்சதே நான்தான்."

ஜூன் 13, வெள்ளி (மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது)

மாற்றியாயிற்று. ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. பழைய கணக்கில் கையுறை 40 பெட்டி என்றால் 40 என்றே இருக்கும். புதியது ஜோடி ஜோடியாக எண்ணுகிறது. பெட்டிக்கு 24 ஜோடி, ஆகவே 960. அதுவரை சரி. ஆனால் சப்ளையருக்குப் போகும் ஆர்டர் படிவத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் 'பெட்டி' என்றுதான் அச்சாகிறது.

மேலாளரிடம் காட்டினேன். போனில் இருந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்புறம் பார்த்துக்கலாம், இப்போ அதை முடிச்சு அனுப்புங்க" என்றார். சோதனைப் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் ஒரு லாரி கையுறை. மதியம் இரண்டு. இருப்பு குறைந்தால் சிஸ்டம் தானாக ஆர்டர் போடுமாம், சனிக்கிழமையே போட்டுவிட்டது. 960 ஜோடி இல்லை, 960 பெட்டி. ரேக்குகள் நிரம்பி, நடைபாதை நிரம்பி, சாயங்காலம் மேலாளர் அறை வாசல் வரை அடுக்கினார்கள். அவர் உள்ளே போக வேண்டுமானால் ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் பெரிய அளவு. என் கைக்கே தொளதொளவென்று இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

மேலாளர் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "சிஸ்டத்துல தப்பே இல்ல, பதியற ஆளுங்க கவனமா இல்ல." பதிவு செய்யும் பெண் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தது. "நான் 40-ன்னுதாண்ணா போட்டேன்" என்று மூன்று தடவை என்னிடம் சொன்னது. அது எனக்குத் தெரியாதா?

எனக்கு அமெரிக்கக் கடற்படையின் மார்க் 14 டார்பிடோதான் ஞாபகம் வந்தது. டார்பிடோ என்பது தண்ணீருக்குள் பாய்ந்துபோய்க் கப்பலைத் தகர்க்கும் வெடிகுண்டு. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் அலறினார்கள்: குறி சரியாக இருக்கிறது, டார்பிடோ வெடிக்க மாட்டேன் என்கிறது. செய்து கொடுத்த ஆயுதத் துறை கரையில் உட்கார்ந்துகொண்டு, டார்பிடோவில் கோளாறில்லை, உங்களுக்குத்தான் சுடத் தெரியவில்லை என்றது. கடைசியில் 1942-இல் ஆஸ்திரேலியக் கரையோரம் மீன்வலையைக் கட்டி, அதில் டார்பிடோவை விட்டு ஓட்டை எங்கே விழுகிறது என்று அளந்து பார்த்தார்கள். சொன்ன ஆழத்தைவிடச் சுமார் 10 அடி கீழே போய்க்கொண்டிருந்தது. அதாவது கப்பலுக்கு அடியில் போய்விட்டது. அதைச் சரிசெய்தால் அடுத்த கோளாறு: இலக்கில் நேர்க்குத்தாக மோதினால் வெடியூசி நசுங்கி வெடிக்காமல் போகும், சாய்வாக உரசினால் வெடிக்கும். குறி எவ்வளவு துல்லியமோ அவ்வளவு ஏமாற்றம்! 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி, அசையாமல் நின்ற ஒரு ஜப்பானியக் கப்பல்மீது ஒன்றன்பின் ஒன்றாக விட்டும் வெடிக்காமல், கடைசி ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்கட்டும் என்று சுடாமல் திருப்பி எடுத்து வந்தது.

அந்தத் தலைவருக்கு என்ன நிதானம் பாருங்கள். நானாக இருந்தால் கோபத்தில் அதையும் விட்டிருப்பேன்.

ஜூன் 18, புதன்

தலைமை அலுவலகத்திலிருந்து ஒற்றை வரி மெயில்: "அதிகமாக உள்ள சரக்கை உடனே திருப்பி அனுப்பவும்." அவர்கள் திரையில் அதிகம் என்றால் கையுறை. நம் பையன்கள் திரையில், ஏற்கெனவே கூடுதலாக வாங்கி வைத்த தலைக்கவசமும் அதே சிவப்பில் இருந்தது. மாலை வரை தலைக்கவசத்தை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்கு வேண்டிய தலைக்கவசம்.

1854 அக்டோபர் 25, கிரிமியப் போரில் பாலக்லாவா. மேட்டில் இருந்த பிரிட்டிஷ் தளபதி ராக்லனுக்கு, ரஷ்யர்கள் கைப்பற்றிய பீரங்கிகளை இழுத்துப் போவது தெரிந்தது. தடுக்கச் சொல்லிச் சீட்டு அனுப்பினார். பள்ளத்தில் இருந்த குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்குக் கண்ணில் பட்டதோ பள்ளத்தாக்கின் கோடியில் இருந்த வேறு பீரங்கிகள். "எந்தப் பீரங்கி?" என்று கேட்டதற்குச் சீட்டு கொண்டுவந்த நோலன் கையை அந்தப் பக்கமாக வீசிக் காட்டினார். சுமார் 670 குதிரை வீரர்கள் தவறான பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள், 100 பேருக்கு மேல் செத்தார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர். லூக்கனும், படையை நடத்திச் சென்ற கார்டிகனும் மைத்துனர்கள், ஆனால் ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது. நிதானமாக இன்னொரு வார்த்தை பேசியிருக்க வேண்டிய இடத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது.

எங்கள் பையனைக் கேட்டேன், ஏன்டா ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை? "'உடனே'ன்னு போட்டிருந்துச்சுண்ணா."

ஜூன் 19, வியாழன்

விசாரணை மீட்டிங். இரண்டரை மணி நேரம். சப்ளையர் மேல் தப்பில்லை, ஆர்டரில் உள்ளதை அனுப்பினார். மென்பொருள்காரர் மேல் தப்பில்லை, கேட்டதைச் செய்து கொடுத்தார். மேலாளர் மேல் தப்பில்லை, பட்டியலில் டிக் இருந்தது. முடிவு: 'தகவல் தொடர்பில் இடைவெளி'. டீ குடித்துக் கலைந்தோம்.

1628-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனின் வாசா என்ற போர்க்கப்பல் முதல் பயணத்தில் சுமார் 1,300 மீட்டர் போய்க் கவிழ்ந்தது. இரண்டு தளம் நிறையப் பீரங்கி, மேலே கனம், கீழே போதாது. கிளம்பும் முன்பே தெரிந்த சங்கதி அது. துறைமுகத்தில் 30 மாலுமிகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடவிட்டு ஆட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆடியது. பார்த்துக்கொண்டிருந்த கடற்படைத் தலைவர் ஃபிளெமிங் சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார். கப்பலை இல்லை, சோதனையை! அரசர் போர்க்களத்திலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

அப்புறம் விசாரணை. கட்டிய தலைமைத் தச்சர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அளவுகளுக்கு அரசரே ஒப்புதல் தந்திருந்தார். யார் தப்பு என்று கேட்டதற்கு, கட்டும் பொறுப்பில் இருந்த ஒருவர் "கடவுளுக்குத்தான் தெரியும்" என்றாராம். ஒருவருக்கும் தண்டனை இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மீட்டிங்கில் திரையில் காட்டிய அந்தப் பட்டியல்தான் காரணம். 'அலகு சரிபார்த்தாயிற்று' என்ற வரிக்கு நேரே டிக். பக்கத்தில் என் பெயர், நேரம் 11.20. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டம்.

தேதியைப் பார்த்தேன், ஜூன் 22. 1893-இல் இதே நாள். இன்றைய லெபனானின் திரிப்போலி கரைக்கு அப்பால் பிரிட்டனின் மத்திய தரைக்கடல் படை இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வரிசைக்கு முன்னால் விக்டோரியா, அதில் தளபதி டிரையன். மற்றதன் முன்னால் கேம்பர்டவுன், அதில் துணைத் தளபதி மார்க்கம். இரண்டு வரிசையும் உட்பக்கமாக, ஒன்றை நோக்கி ஒன்று திரும்பி வந்த வழியே போக வேண்டும் என்பது டிரையனின் உத்தரவு. இடைவெளி ஆறு கேபிள். கேபிள் என்பது கடலில் தூரம் அளக்கும் அலகு, சுமார் 185 மீட்டர். ஒவ்வொரு கப்பலும் திரும்பி முடிக்கவே ஏறக்குறைய நான்கு கேபிள் அகலம் வேண்டும். நாலும் நாலும் எட்டு. சின்னப் பிள்ளைக் கணக்கு.

முட்டாள் போட்ட உத்தரவு என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்துக் கடற்படையில் மூளைக்காரர் என்று பெயர் எடுத்தவர் டிரையன். கப்பல் தலைவர்கள் சிக்னலுக்காகக் காத்திருக்காமல் சொந்த புத்தியில் இயங்க வேண்டும் என்று பாடுபட்டவரே அவர்தான். ஆனால் மனிதர் ஆளே மலைபோல, பேச்சும் வெடுக்கென்று. எட்டு கேபிளாவது வேண்டும் என்று ஓர் அதிகாரி சொன்னபோது ஆமாம் என்றார். அப்புறம் ஆறு என்றே சிக்னல் போனது. தவறியிருக்குமோ என்று திரும்பப் போய்க் கேட்டவரிடம், "ஆறாகவே இருக்கட்டும்" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

மார்க்கம் தயங்கினார். புரியவில்லை என்பதற்கு அடையாளமாகக் கொடியைப் பாதிக்கம்பத்திலேயே நிறுத்தி வைத்தார். டிரையன், அத்தனை கப்பலும் பார்க்க, "எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று சிக்னல் கொடுத்தார். மார்க்கத்தின் கொடி மேலே ஏறிவிட்டது. பெரியவர் ஏதோ கணக்கு வைத்திருப்பார், தன்னைச் சுற்றி வெளிப்பக்கமாக வந்துவிடுவார் என்று அவராக நினைத்துக்கொண்டார். கேம்பர்டவுனின் முகப்பு விக்டோரியாவின் விலாவில் இறங்கியது. சுமார் 13 நிமிடத்தில் விக்டோரியா மூழ்கியது, 358 பேர் போனார்கள். "எல்லாம் என் தவறுதான்" என்று சொல்லிக்கொண்டே டிரையனும் போனதாகத் தப்பித்தவர்கள் சொன்னார்கள்.

விசாரணை மன்றம் மார்க்கத்தைப் பற்றிச் சொன்னதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தேகத்தைச் சொல்லாமல் விட்டது வருந்தத்தக்கது, ஆனால் மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததற்காக ஒருவரைக் குற்றம் சொன்னால் அது படைக்கே கேடு என்றார்கள். தப்பித்துவிட்டார். நானும்தான்.

ஜூன் 25, புதன்

மேலாளர் அறைக்குள் ஒருக்களித்து நுழைந்தேன், பெட்டிகள் இன்னும் அப்படியே. "சார், அந்த டிக் நான் பார்க்காம போட்டது. பதிவு பண்ற பொண்ணு மேல எழுதினதை எடுத்துடுங்க" என்றேன். "அது முடிஞ்சு போன விஷயம்" என்றார். நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, மெயில் போடுங்க" என்றார். போட்டேன். அந்தப் பெண்ணுக்கும் நகல்.

சாயங்காலம் வாசலில் அண்ணனுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தேன். அவருக்குச் சரியாக இருந்தது.

ஜூன் 30, திங்கள்

ஜூலை 11-இல் இரண்டாவது கிடங்கையும் மாற்றப்போகிறார்களாம், அதே வெள்ளிக்கிழமை ராத்திரி முறை. ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பெட்டியைப் பிரித்து எண்ணிப் பார்த்த பிறகுதான் பட்டியலை நிரப்புவேன், அதற்கு ஆறு நாள் வேண்டும் என்று எழுதினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது, எல்லாக் கிளைக்கும் நகலோடு: "எதுக்கு வெயிட் பண்றோம்?"

பதிலைப் படித்துவிட்டு கத்தியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். அந்தப் பெண்ணும் பின்னாலேயே நோட்டோடு வந்தது. இன்றைக்குப் பதினேழு பெட்டி முடிந்தது. மூன்றில் எண்ணிக்கை தப்பு. பட்டியலில் அந்தக் கட்டம் இன்னும் காலி.