ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மாமா வீட்டு மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில் என் சர்வர் இருக்கிறது. 32 ஜிபி ராம், 4 டிபி டிஸ்க் இரண்டு. குடும்பப் படங்களும் அதில் இருக்க வேண்டும், என் நாலைந்து விர்ச்சுவல் மெஷின்களும் (ஒரே பெட்டிக்குள் தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி நடப்பவை) ஓட வேண்டும். இன்னொரு பெட்டி வாங்கலாமா என்றேன். மனைவி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் சிஸ்டமான ட்ரூநாஸை நேராகப் போட்டு அதற்குள் மெஷின்களை ஓட்டலாம். அல்லது மெஷின்களை ஓட்டுவதற்கென்றே உள்ள ப்ராக்ஸ்மாக்ஸைப் போட்டு, ட்ரூநாஸை அதற்குள் குடிவைக்கலாம். இரண்டாவதுதான் கெத்து. டிஸ்க்குகளைச் செருகும் சாட்டா கண்ட்ரோலரையே முழுசாக ட்ரூநாஸிடம் ஒப்படைத்தேன். அதுவரை சரி. அப்புறம்தான் அதிபுத்திசாலித்தனம்: மற்ற மெஷின்களின் டிஸ்க்குகளை ட்ரூநாஸ் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்து தரும் என்எஃப்எஸ் ஷேரிலேயே கொண்டுபோய் வைத்தேன்.

2023ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமாவின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். மவுன்ட் எட்ஜ்கோம்ப் கோயில் காவடிப் படங்கள், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை நம்பர் போட்டு எழுதிய கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தா பெயர் உள்ள பக்கத்தின் ஸ்கேன், எல்லாம் டிவியில் காட்டுவதாக ஏற்பாடு. (1860ல் சென்னையிலிருந்து வந்த முதல் கப்பலான ட்ரூரோவில்தான் அவர் வந்தார் என்பது மாமாவின் கட்சி. பட்டியல் வேறு கப்பலைச் சொல்கிறது.)

லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தது. டிவி வந்தது, படம் வரவில்லை. ட்ரூநாஸ் சோம்பல் முறித்து எழுவதற்குள் மற்ற மெஷின்கள் ஷேரைத் தேடிப் பார்த்து, இல்லை என்றதும் படுத்துவிட்டன.

"என்னங்க, நெட்டும் வரலையே!" என்றாள் மனைவி. வராது. வீட்டுக்கே டிஎன்எஸ் (வெப்சைட் பெயருக்கு முகவரி எண் கண்டுபிடித்துத் தரும் வேலை) பார்க்கும் பை-ஹோலும் படுத்த கூட்டத்தில் ஒன்று. ப்ராக்ஸ்மாக்ஸின் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி எண், தெரிந்தால் உள்ளே போய் எழுப்பிவிடலாம். அதை எழுதி வைத்திருந்த குறிப்பு? அதுவும் ஒரு மெஷினுக்குள். கல்யாணமானால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணமாகும் கதை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து டிவியிலேயே செருகினேன். சில்லி பைட்ஸ் தட்டோடு ஒன்பது பேர் உட்கார்ந்து பார்க்க, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. கடைசியில் ஐபி வந்து நின்றது. பெரிய மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "இதுதான் கப்பல் பட்டியலா, மாப்பிள்ளை? தாத்தா நம்பர் எது?"

அன்று ராத்திரியே ட்ரூநாஸைக் காலி செய்தேன். டிஸ்க்குகளை நிர்வகிக்க ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் ப்ராக்ஸ்மாக்ஸுக்கே தெரியும். பழைய பூலை (டிஸ்க் தொகுப்பை) அழிக்காமல் அப்படியே இம்போர்ட் செய்துகொண்டது. படங்களைப் பகிர ஒரு சின்ன கன்டெய்னரில் (மெஷினின் லேசான தம்பி) சம்பா என்ற சாஃப்ட்வேர், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: அப்போதெல்லாம் கேட்பாரில்லாவிட்டால் இசட்எஃப்எஸ் பாதி ராம் வரை கேஷுக்கு (அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க) எடுத்துக்கொள்ளும், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. 8 ஜிபிக்கு மேல் கிடையாது என்று கட்டிப்போட்டேன்.

ஐபி எண் இப்போது அத்தையின் சமையலறைக் காலண்டரில், பிளம்பர் நம்பருக்குக் கீழே இருக்கிறது.