ஏறிப் படரும் கற்றாழை

கற்றாழையில் கொடி போல ஏறும் இனமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதிப் புதர்க்காடுகளில் வளரும் அலோயம்பெலோஸ் சிலியாரிஸ் அப்படிப்பட்டது. 2013 வரை, சோற்றுக்கற்றாழை இருக்கும் அலோ பேரினத்தில்தான் (தாவரக் குடும்பத்துக்குள் ஒரு பிரிவு) இதுவும் இருந்தது. தண்டு மெலிசு, ஆனால் தாங்கிக்கொள்ள ஒரு புதர் கிடைத்தால் 5 மீட்டர் உயரம்கூடப் போகும். பற்றுக்கம்பி கிடையாது. பின்னோக்கி வளைந்த இலைகளே பக்கத்துக் கிளைகளில் கொக்கி போட்டுக்கொள்கின்றன! இலை தண்டைத் தழுவும் இடத்தில் இமைமயிர் போல வெள்ளைப் பற்கள் வரிசையாக நிற்கும். எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்தது அதுதான், அடையாளம் காணவும் அதுவே போதும். ஆரஞ்சு கலந்த சிவப்புக் குழல் பூக்களைத் தேன்சிட்டுகள் தேடி வரும்.

வளர்ப்பது எளிது. ஒரு சாண் தண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் நட்டால் வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்கினால் அழுகும். வெயில் நிறைய வேண்டும், நிழலில் பூ குறையும்.

தொட்டியில் வைப்பவர்கள் தயவுசெய்து ஒரு குச்சியாவது ஊன்றிக் கொடுங்கள். கம்பிவேலி இருந்தால் இன்னும் நல்லது. நீண்டு சரிந்த தண்டுகளைப் பூ முடிந்ததும் தாராளமாக வெட்டலாம். கீழிருந்து புதுக் கிளை வெடிக்கும், வெட்டிய துண்டுகளையும் நட்டுவிடலாம்.