ஹெலினா: தங்கம் அரித்த ஊரில்

செப்டம்பர் 8

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் தலைநகர் என்று பெயர். மக்கள்தொகை 32,000 சொச்சம்தான். எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒரு பக்கம் மலை தெரிகிறது. காலையில் பல் கிடுகிடுக்கும் குளிர், பகலில் சுள்ளென்ற வெயில்.

கடைவீதியின் பெயர் லாஸ்ட் சான்ஸ் கல்ச், அதாவது கடைசி வாய்ப்பு ஓடை. அலைந்து சலித்த நால்வர், இங்கேயும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று 1864 ஜூலையில் இந்த ஓடைக்குள் இறங்கினார்கள். தங்கம் கிடைத்தது, ஊர் முளைத்தது. மற்ற வீதிகளைப் போல் இது நேராக இல்லை. பழைய ஓடையின் போக்கிலேயே வளைந்து போகிறது. இன்று மாலை முழுதும் இதில் மேலும் கீழுமாக நடந்தேன். அலுக்கவே இல்லை.

செப்டம்பர் 9

ரீடர்ஸ் அலி என்ற செங்கல் சந்துக்குப் போனேன். லூயிஸ் ரீடர் என்ற கொத்தனார் 1870-களில் கட்டத் தொடங்கிய சின்னஞ்சிறு குடியிருப்புகள். சுரங்க வேலைக்கு வந்த தனியாட்களுக்கு வாடகைக்கு விட்டார். அரிய சந்து, அருமையாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கடைவீதியின் இதே தெற்குக் கோடியில் சீனர்களின் குடியிருப்பும் இருந்தது. 1870-இல் ஊரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சீனர். துணி வெளுத்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள். வெள்ளையர்கள் அலசிவிட்டுப் போன மண்ணை வாங்கி, நகைப்பட்டறைத் தெருவில் சாக்கடை மண்ணை அரித்துப் பொன் எடுப்பவர்களைப் போல, மறுபடி அரித்தார்கள். 1970-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் பழைய கட்டடங்களை வரிசையாக இடித்தபோது, அவர்கள் வாழ்ந்த இடத்தின் மிச்சமும் போய்விட்டது. ரீடரின் சுவர்களைக் காக்கத் தெரிந்த ஊருக்கு இது தெரியாமல் போனதே என்று மனம் ஆறவில்லை.

செப்டம்பர் 10

புனித ஹெலினா பேராலயம். வியன்னாவின் வோட்டிவ் ஆலயத்தைப் பார்த்து வடிவமைத்தது. 230 அடி உயரத்தில் இரட்டைக் கோபுரங்கள். கட்டுமானப் பணி 1908-இல் தொடங்கியது. 1935 அக்டோபர் நிலநடுக்கங்களில் பலத்த சேதமடைந்து, பிறகு சீர்செய்யப்பட்டது. உள்ளே வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின் நீலமும் சிவப்பும் வெயில் நகர நகர இருக்கைகளின் மேல் ஊர்ந்தன. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெரும் பணம் கொடுத்தவர் தாமஸ் குரூஸ். அயர்லாந்திலிருந்து வெறுங்கையோடு வந்தவர். மேரிஸ்வில் மலையில் டிரம்லமன் சுரங்கத்தைக் கண்டுபிடித்து, 1883-இல் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றுக்கு விற்றுக் கோடீஸ்வரரானார். மனைவி பிள்ளைப்பேற்றை ஒட்டி இறந்தார். ஒரே மகளும் இளம் வயதில் போய்விட்டாள். வடக்குக் கோபுரத்தில் இருக்கும் பதினைந்து மணிகளும் மகள் நினைவாக அவர் கொடுத்தவை. 1914 டிசம்பரில் அவரும் இறந்தார்; புதிய பேராலயத்தில் நடந்த முதல் இறுதிச் சடங்கு அவருடையதுதான். செல்வந்தர் கதைகளில் எனக்கு நாட்டம் கிடையாது. இந்த மனிதரை நினைத்தால் மட்டும் தொண்டை அடைக்கிறது.

செப்டம்பர் 11

மாநிலச் சட்டமன்றக் கட்டடம்: செம்புக் குவிமாடம், சார்லஸ் ரஸ்ஸலின் பிரம்மாண்டமான ஓவியம். பார்த்தாயிற்று.

பிற்பகல் மிசூரி ஆற்றங்கரை. 1860-களில் இங்கே பொன் அரித்தவர்களின் பலகைத் தொட்டிகளில் வெளிறிய நீலக் கூழாங்கற்களும் வந்து தங்கின. அவை சஃபையர் என்ற நீல ரத்தினக்கற்கள்! ஒரு வாளிச் சரளையை விலைக்கு வாங்கி நானும் அலசினேன். சல்லடையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மேலும் கீழுமாகக் குலுக்கிக்கொண்டே சுழற்ற வேண்டும். கனமான கல் அடியில், நட்டநடுவில் சேரும். பிறகு சல்லடையை மேசைமேல் சட்டென்று கவிழ்த்தால் அடியில் இருந்தது மேலே வந்துவிடும். கவிழ்த்த குவியலின் நடுவில் முதலில் இரும்புத் தாதின் கறுப்புத் துகள்கள். அவற்றுக்கிடையே மிளகளவில், பச்சை கலந்த நீலமாக ஒன்று. எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. குளிர்ந்த தண்ணீரில் விரல்கள் மரத்துப்போயும் எழுந்திருக்க மனமில்லை. இதற்காகக் கண்டம் விட்டுக் கண்டம் வந்தவர்களை இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறது.

செப்டம்பர் 12

காலையில் மவுன்ட் ஹெலினா ஏறினேன். உச்சி 5,468 அடி. மேலிருந்து பார்த்தால் ஓடைத் தெருவின் வளைவு தெளிவாகத் தெரிகிறது.

மதியம் ஃபாரஸ்ட்வேல் கல்லறைத் தோட்டம். சீனர்களைப் புதைத்தது அதன் வேலிக்கு வெளியே. பெரும்பாலான குழிகளுக்குப் பெயர்க்கல்லே இல்லை. எலும்புகளைத் தோண்டி எடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பிவைப்பது அக்காலச் சீனர் வழக்கம். அப்படி அனுப்ப ஆளில்லாதவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். இந்த வேலியை ஒட்டியாவது அவர்கள் பெயர்களை ஒரு கல்லில் பொறிக்க வேண்டும். கிடைக்கிற பெயர்கள் எத்தனையோ, அத்தனையையும்.

நாளை பஸ்ஸில் ப்யூட் நகரத்துக்குப் போகிறேன். செம்புச் சுரங்க ஊர். அங்கே சீன வணிகர்களின் மாய் வா கட்டடத்தை இடிக்காமல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். முதலில் அங்கேதான் போக வேண்டும்.