ஸ்டாண்ட்பை சூப்பர்வைசரை நம்புவதற்கு முன்னால்

பெரிய நெட்வொர்க் ஸ்விட்சுக்கு மூளையாக இருக்கிற கார்டைத்தான் சூப்பர்வைசர் என்பார்கள்; ஒன்று வேலை பார்க்கும் (ஆக்டிவ்), இன்னொன்று மாற்றாகக் காத்திருக்கும் (ஸ்டாண்ட்பை). "ரெண்டு சூப்பர்வைசர் போட்டிருக்கோம், ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கும்" என்று யாராவது சொன்னால், கடைசியாக எப்போது மாற்றிப் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெங்களூரில் நான் வேலைக்குப் போகிற அலுவலகங்களில் பல இடங்களில் இதற்குப் பதிலே வராது.

போன மாதம் மாரத்தஹள்ளி பக்கம் ஒரு அலுவலகம். இன்னமும் சிஸ்கோவின் பழைய பெரிய ஸ்விட்சான கேட்டலிஸ்ட் 6509 ஓடுகிறது. அங்கே வேலை பார்க்கும் தர்மபுரிப் பையன், "அண்ணா, ரெண்டு கார்டுலயும் லைட் எரியுதே, அப்புறம் என்ன?" என்றான். மாற்றுக் கார்டின் நிலையைக் காட்டும் 'ஷோ ரிடண்டன்சி ஸ்டேட்ஸ்' கட்டளையை அடிக்கச் சொன்னேன். 'ஸ்டாண்ட்பை ஹாட்' (முழுத் தயார்) என்று வர வேண்டிய இடத்தில் 'ஸ்டாண்ட்பை கோல்ட்' (முழுசாகத் தயாரில்லை) என்று வந்தது.

காரணம் ரொம்பச் சாதாரணம். பழுதான கார்டுக்குப் பதிலாக வந்த கார்டில் வேறு ஐஓஎஸ் (ஸ்விட்சை இயக்கும் மென்பொருள்) பதிப்பு இருந்திருக்கிறது. இரண்டு கார்டிலும் பதிப்பு ஒத்துப்போகாவிட்டால் எஸ்எஸ்ஓ (உடனே மாறும் முறை) என்று கட்டளை கொடுத்திருந்தாலும் ஸ்விட்ச் ஆர்பிஆர் என்ற மெதுவான முறைக்கு இறங்கிவிடும். எஸ்எஸ்ஓவில் ஸ்டாண்ட்பை முழுசாக பூட் ஆகி நிலவரத்தையெல்லாம் உடனுக்குடன் வாங்கிக்கொண்டிருப்பதால் மாறுவதற்கு 0 முதல் 3 வினாடிதான் ஆகும், கேபிள்கள் செருகியிருக்கிற லைன் கார்டுகள் அசையாது. ஆர்பிஆரில் ஸ்டாண்ட்பை பாதி பூட்டிலேயே நிற்கிறது, லைன் கார்டுகளும் திரும்ப எழுந்து வர வேண்டும், அதனால் 2 முதல் 4 நிமிடம். அத்தனை நேரமும் மொத்த மாடியிலும் போன், வைஃபை எதுவும் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கான்ஃபிகரேஷன் தானாக அடுத்த கார்டுக்குப் போகும், ஆனால் ஐஓஎஸ் ஃபைல் போகாது, அதை நாம்தான் காப்பி பண்ண வேண்டும். எந்த ஐஓஎஸ் ஃபைலை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் பூட் வரியில் புதுப் பெயரை எழுதிவிட்டு, 'ஸ்லேவ்பூட்டிஸ்க்'கில் (ஸ்டாண்ட்பை கார்டின் சேமிப்பிடம்) ஃபைலைப் போடாமல் விட்டால், அடுத்த ரீலோடில் அந்தக் கார்டு ஃபைலைக் காணாமல் ராம்மானில் (ஐஓஎஸ் ஏறாத ஆரம்பநிலை) போய் உட்கார்ந்துவிடும்.

சரி, ஹாட் என்று வந்துவிட்டது, போதுமா? போதாது. பக்கத்து ரவுட்டர்களோடு வழித்தகவல் பரிமாறும் ஓஎஸ்பிஎஃப் முறையின் அண்டை உறவுகளை எஸ்எஸ்ஓ கூடவே எடுத்துப்போகாது. அதற்கு என்எஸ்எஃப் (மாறும்போதும் டிராஃபிக்கை நிறுத்தாத வசதி) தனியாகப் போட வேண்டும், எதிர்ப்பக்கம் இருக்கிற ரவுட்டரோ ஃபயர்வாலோ கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டுக்கு, அதாவது உறவை முறிக்காமல் காத்திருப்பதற்கு, ஒத்துழைக்க வேண்டும். இன்னொரு வழித்தகவல் முறையான பிஜிபிக்கும் அப்படித்தான். 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளும் ஹலோ டைமரை ஒரு வினாடிக்கும் கீழே இறுக்கி வைத்திருந்தால், புதுக் கார்டு பேச ஆரம்பிப்பதற்குள் எதிர்ப்பக்கம் உறவை முறித்துக்கொள்ளும். வேகமாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் வைத்த டைமர்தான் இங்கே ஃபெயில்ஓவரைக் கெடுக்கிறது, இதைத்தான் ரொம்பப் பேர் யோசிப்பதில்லை.

அதனால் சனிக்கிழமை ராத்திரி அனுமதி வாங்கி, இரண்டு கார்டிலும் கான்சோல் கேபிள் போட்டு, ஒரு லேப்டாப்பில் விடாமல் பிங் ஓடவிட்டு, 'ரிடண்டன்சி ஃபோர்ஸ் ஸ்விட்ச்ஓவர்' கொடுங்கள். எத்தனை பிங் பதிலில்லாமல் விழுந்தது என்று எழுதி வையுங்கள். பழைய ஆக்டிவ் ரீலோட் ஆகி ஸ்டாண்ட்பையாகத் திரும்பும், தானாக இடத்தைப் பிடுங்கிக்கொள்ளாது. நான் அதை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த முறை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றுவேன். இரண்டு கார்டுக்கும் பரீட்சை நடந்த மாதிரி ஆகிவிடும்.