உண்மைப் பிரதி

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்துச் சந்தொன்றில் இருபத்திரண்டு வருடமாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, கீழே முத்திரை குத்துவது பிழைப்பு. மூலத்தையும் பிரதியையும் அருகருகே வைத்து, அடிமட்டத்தை வரி வரியாக இறக்கி ஒப்பிடுவேன். பூச்சி அரித்த ஓட்டை பிரதியில் கறுப்புப் பொட்டாக விழுந்திருக்கும். தேநீர்க் கறையும் வந்திருக்கும். ஆனால் பிரதியை விரலால் தடவினால் ஓட்டை அகப்படாது.

போன கிழமை ரொறன்ரோவிலிருந்து தங்கை மகன் அழைத்தான். பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம், அதுவும் அண்மையில் எடுத்த பிரதி. அலுவல் முடிந்ததும் வேறு கதைக்குத் தாவினான். மனத்தை அப்படியே கணினியில் பிரதி எடுத்தால் அதுவும் நான்தானே, மாமா?

கொஞ்சம் அவசரப்படுகிறான். 302 நரம்பணுக்கள் மட்டுமே உள்ள ஒரு சிறு புழுவின் இணைப்பு வரைபடம் 1986 இலேயே வெளிவந்தது; வரைபடத்திலிருந்து அந்தப் புழுவை இன்னும் முழுமையாக எழுப்ப முடியவில்லை. மனித மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி. சரி, முடிந்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம்.

அவன் பக்கம் பேச ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் இருக்கிறார். மனித அறிவு பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694 இல், அவர் சேர்த்த கதை இது: இளவரசனின் நினைவெல்லாம் ஒரு செருப்புத் தைப்பவனின் உடலில் புகுந்தால், அந்த ஆள் இளவரசனே. இன்னோர் இடத்தில், ‘ஆள்’ என்பதே வழக்குமன்றத்துச் சொல் என்கிறார். செய்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்கப் பிறந்த சொல். புதுக்கடைக்காரனுக்கு இது இனிக்காதா?

நம்மிடம் இதைவிடச் சிக்கலான வழக்கு உண்டு. சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்துகிடக்க, பசுக்களின் துயரம் பொறாத யோகி தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுந்தார். மாலையில் மூலனின் மனைவி தேடி வருகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். அவள் மறுநாள் ஊராரிடம் முறையிடுகிறாள். அவர்களும் வந்து பார்த்து, இவர் பழைய ஆள் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். திருமூலரைக் கும்பிட்டு வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் பெரியபுராணத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் நினைவுதான். அதே முகம், அதே கை. ஒரே நாளில் கைம்பெண்.

ஆனால் இரண்டு கதையிலும் ஆள் இடம் மாறுகிறார், அவ்வளவுதான். மருமகன் கேட்பது வேறு. பிரதி எடுத்த பிறகும் மூலம் கதிரையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருக்கும். கொக்குவில் காணி அவன் பெயரில் இருக்கிறது. நாளைக்கு இரண்டு பேர் வந்து, ஒரே சிறுபிராய நினைவைச் சொல்லி, ஒரே கையெழுத்தைப் போட்டால் நான் எவனுக்கு முத்திரை குத்துவது? ஒரே ஆளா என்பது முக்கியமில்லை, மனத்தின் தொடர்ச்சி போதும் என்று 1984 இல் டெரெக் பார்ஃபிட் என்ற மெய்யியலாளர் எழுதினார். காணிப் பதிவகத்தில் அந்த வாதம் எடுபடாது.

அவனுக்குப் புரியும்படி அவனுடைய சான்றிதழையே எடுத்துக்காட்டினேன். அவன் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் தங்கை பின்னாளில் திருத்தினாள். திருத்தம் பதிவுப் புத்தகத்தில் ஏறியது. அதற்கு முன் எடுத்த பிரதி ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. அதற்கு இந்தச் சங்கதி தெரியாது. எடுத்த அன்று அது உண்மைப் பிரதி. முத்திரையும் சரி, கையெழுத்தும் சரி. அதில் அவன் இன்னும் பிழையான பெயரோடு இருக்கிறான்.

வேண்டுமானால் புதியதோடு அதையும் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“ஐயோ, இரண்டையும் அனுப்பிவிடாதீர்கள் மாமா,” என்றான்.